ஆக்டர்லோனி: அபூர்வமான ஒரு ஸ்காட்லாந்துக் குடும்பப்பெயர். எங்கிருந்து வந்தது, இன்று எத்தனை பேரிடம் இருக்கிறது?

#1 ஓவேலிக்காரன்

வணக்கம். என் ஊர் நீலகிரி மாவட்டம் கூடலூர் வட்டத்தில் இருக்கும் ஓவேலி பேரூராட்சி. ஊர்ப்பெயரில் உள்ள அந்த 'ஓ', அயர்லாந்துக்காரர்கள் பெயருக்கு முன்னால் வருகிற ஓ என்று இன்னமும் சிலர் நினைக்கிறார்கள். அது அயர்லாந்து ஓ இல்லை. ஆங்கிலத்தில் 'ஓ'வில் தொடங்கும் ஆக்டர்லோனி வேலி, அதாவது ஆக்டர்லோனி பள்ளத்தாக்கு, என்ற முழுப்பெயரில் முதல் எழுத்தும் 'வேலி'யும் மட்டும் மிஞ்சி, அதுவே ஊராகிவிட்டது.

எனக்குத் தெரிந்த வரலாறு இவ்வளவுதான். மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த ஜான் ஆக்டர்லோனி 1847இல் நீலகிரியை அளந்து விரிவான அறிக்கை எழுதினார். அவருடைய சகோதரர் ஜேம்ஸ், நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் தலைவரான திருமுல்பாடிடம் இந்தப் பள்ளத்தாக்கை எடுத்து 1840களில் காபி பயிரிட ஆரம்பித்தார். அப்போது இது மலபார் மாவட்டம். 1873இல்தான் நீலகிரியோடு சேர்த்தார்கள். காபி போய்த் தேயிலை வந்தது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய எங்கள் குடும்பங்கள் கூடலூர்ப் பக்கம் வந்து சேர்ந்தன. நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம (பரம்பரை உரிமை) நிலங்கள் தொடர்பான 1969 சட்டத்தால் எழுந்த பட்டாப் பிரச்சினை பலருக்கு இன்றுவரை தீரவில்லை. அதைத் தனி இழையில்தான் பேச வேண்டும்.

நான் கேட்க வந்தது பெயரைப் பற்றி. இந்த ஆக்டர்லோனி என்பது என்ன பெயர்? ஸ்காட்லாந்தில் எந்த ஊர்க்காரர்கள்? இன்றைக்கு அந்தப் பெயரோடு ஆட்கள் இருக்கிறார்களா? பழைய ஆவணங்களில் ஒரு இடத்தில் ஒரு எழுத்தும் இன்னொரு இடத்தில் வேறு எழுத்துமாக இருப்பதால் தேடினால் ஒன்றும் சரியாகக் கிடைப்பதில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஏட்டுச்சுவடி

நல்ல கேள்வி, ஓவேலிக்காரரே. ஸ்காட்லாந்துக் குடும்பப்பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் இது ஒன்று. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இது நிலத்திலிருந்து வந்த பெயர். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஆங்கஸ் என்று ஒரு மாவட்டம் உண்டு. அதன் தலைமை ஊரான ஃபோர்ஃபருக்குப் பக்கத்தில் ஆக்டர்லோனி என்று ஒரு பழைய ஜமீன் நிலம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டிலேயே ஆர்ப்ரோத் மடத்தின் ஆவணங்களில் இந்தப் பெயர் வருகிறது. அங்கே எழுதியிருப்பது 'ஒதிர்லோனி' என்று. ஆர்ப்ரோத் மடம் 1178இல் ஸ்காட்லாந்து அரசர் முதலாம் வில்லியம் நிறுவியது. அந்த வட்டாரத்தில் நிலம் கைமாறினால் எழுதி வைத்தவர்கள் அங்கிருந்த துறவிகள்தான். அவர்கள் இல்லையென்றால் இந்த மாதிரிப் பெயர்களின் தொடக்கம் நமக்குக் கிடைத்திருக்காது.

பெயரின் முதல் பாதி கேலிக் மொழி. 'உவாக்தர்' என்றால் மேல்பக்கம், மேட்டு நிலம். அந்தப் பகுதி வரைபடத்தைப் பார்த்தால் ஆக்டரார்டர், ஆக்டர்மக்டி, ஆக்டர்டெரன், ஆக்டர்ஹவுஸ் என்று வரிசையாக வரும். எல்லாவற்றிலும் இருப்பது அதே மேட்டு நிலம். இரண்டாம் பாதியைப் பொதுவாக 'லோன்' என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்வார்கள். ஈரம் தங்கும் புல்வெளி, சதுப்பு என்று பொருள். இரண்டையும் சேர்த்தால் ஈரப் புல்வெளிக்கு மேலே உள்ள இடம் என்று வரும்.

அந்த நிலத்தைக் கையில் வைத்திருந்தவர் 'ஆக்டர்லோனியைச் சேர்ந்த இன்னார்' ஆனார். பிறகு அவர் பிள்ளைகள் வேறு நிலத்துக்குப் போன பின்னும் அந்த அடை ஒட்டிக்கொண்டது. ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதியில் நிலக்கிழார்களின் குடும்பப்பெயர்கள் பல இப்படித்தான் பிறந்தன. இந்தக் குடும்பமும் பின்னாளில் ஆர்ப்ரோத் பக்கம் கைண்ட் என்ற எஸ்டேட்டில் நிலைபெற்றது. அங்கிருந்த ஜான் ஆக்டர்லோனி என்பவர் 1680களில் தன் மாவட்டத்தைப் பற்றி ஒரு வருணனை எழுதினார். அரசரின் புவியியலாளராக இருந்த சர் ராபர்ட் சிபால்டு நாடு முழுவதுக்குமாகத் திட்டமிட்ட நிலநூலுக்காக எழுதியது அது. எந்த வீட்டில் யார், எந்த ஆற்றில் என்ன மீன், எந்த மண் எதற்கு ஆகும் என்று சொல்லிக்கொண்டே போகும். உங்கள் ஊரை அளந்து எழுதியவரும் ஒரு ஜான் ஆக்டர்லோனிதான். இடையில் 160 ஆண்டுகளுக்கு மேல்.

#3 வடபுலத்தான்

டண்டியில் வேலை பார்க்கிறேன். ஃபோர்ஃபர் இங்கிருந்து பக்கம். ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன நிலம் டன்னிக்கன் வட்டாரத்தில் வரும். அங்கே இன்றும் 'லௌனி' என்ற பெயர் நிலப்பெயராக இருக்கிறது. ஆக்டர்லோனி என்பதன் பின்பாதிதான் அது என்று உள்ளூர் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

டன்னிக்கன் என்றால் இங்கே உள்ளவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 685இல் இந்தப் பக்கம் வாழ்ந்த பிக்ட் மக்கள், தெற்கேயிருந்து வந்த நார்தம்பிரிய நாட்டு அரசன் எக்ஃபிரித்தைக் கொன்று அவன் படையை முறியடித்த போர். இடம் இதுதானா, இன்னும் வடக்கேயா என்று அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. எப்படியிருந்தாலும் பழைய மண்.

உச்சரிப்பு பற்றி ஒன்று. நடுவில் வருவது 'க்' இல்லை. தொண்டையிலிருந்து உரசி வரும் ஒலி. 'லோஃக்' என்று ஏரியைச் சொல்வார்களே, அந்த ஒலி. ஆங்கிலேயர்களுக்கு அது வராது, 'க்' என்று சொல்லிவிடுவார்கள். நமக்கு ஆய்தம் இருப்பதால் 'ஆஃக்தர்லோனி' என்று எழுதினால் ஏறக்குறையச் சரியாக வரும். ஆனால் இந்த இழையில் எல்லோரும் ஆக்டர்லோனி என்றே எழுதுவோம், தேடுகிறவர்களுக்கு வசதி.

#4 ஜெல்தட்டு

ஒரு நிமிடம். ஆக்டர்லோனி சோதனையின் ஆக்டர்லோனியா இது?

நான் கோவையில் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் மாணவர்களுக்குச் செய்முறை சொல்லித் தருகிறேன். முதுகலையில் நோய்த்தடுப்பியல் படித்த எவரும் இந்தப் பெயரைத் தவிர்த்திருக்க முடியாது. கண்ணாடித் தட்டில் அகர் ஜெல் ஊற்றி, சின்னச் சின்னக் குழிகள் போட்டு, ஒன்றில் எதிர்ப்பொருள், சுற்றியுள்ளவற்றில் ஆன்டிஜென் (அந்த எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ளும் பொருள்) விடுவோம். இரண்டும் ஜெல்லுக்குள் பரவி, சரியான அளவில் சந்திக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு படியும். பக்கத்துப் பக்கத்துக் குழிகளின் கோடுகள் வளைந்து ஒன்றாக இணைந்தால் இரண்டும் ஒரே ஆன்டிஜென். வெட்டிக்கொண்டு போனால் தொடர்பில்லை. இணைந்த பின்னும் ஒரு சிறு வால் நீண்டால் பாதி ஒற்றுமை.

இதை 1948இல் வெளியிட்டவர் ஒர்யான் ஆக்டர்லோனி. ஸ்வீடன் நாட்டவர். 1914இல் பிறந்தவர், 2004இல் காலமானார். கோதென்பர்க்கில் பேராசிரியராக இருந்தவர். ஸ்வீடன்காரருக்கு ஸ்காட்லாந்துப் பெயர் எப்படி?

#5 ஏட்டுச்சுவடி

அதே பெயர்தான், சகோதரி. எழுத்துக்கூட்டலும் நீலகிரி ஆவணங்களில் சகோதரர்கள் ஜானுக்கும் ஜேம்ஸுக்கும் உள்ளதேதான்.

16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரைக்கு லண்டனைவிடப் பால்டிக் துறைமுகங்கள் நெருக்கம் என்றே சொல்லலாம். டண்டி, மான்ட்ரோஸ், ஆர்ப்ரோத் கப்பல்கள் ஸ்வீடனுக்கும் டான்சிக்குக்கும் போய் மரமும் இரும்பும் சணலும் ஏற்றி வந்தன. வியாபாரிகள் அங்கேயே தங்கினார்கள். கூலிப்படை வீரர்களும் ஏராளமாகப் போனார்கள், ஸ்வீடன் அரசர் குஸ்தாவ் அடோல்ஃபின் படையில் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஸ்வீடனில் ஹாமில்டன், டக்ளஸ் என்ற பெயர்கள் பிரபுக் குடும்பங்களாக நிலைத்திருப்பது அப்படித்தான்.

ரஷ்யாவிலும் இதே பெயர் உண்டு. 1854இல் கிரிமியாவில் இன்கர்மேன் போர் நடந்தபோது ரஷ்யத் தரப்பில் ஒரு படைப்பிரிவை நடத்தியவர் ஜெனரல் ஒக்தெர்லோனே. எதிரே பிரிட்டிஷ் படை. ஒரு சின்ன ஆங்கஸ் நிலத்தின் பெயர் மூன்று பேரரசுகளின் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கிறது.

#6 பச்சைப்புல்

கோல்ஃப் பார்ப்பவர்கள் யாரும் வரவில்லையே என்று பார்த்தேன். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இந்தப் பெயருக்குத் தனி மரியாதை. அங்கே எழுத்து 'ஏ'யில் தொடங்கும்.

வில்லி ஆக்டர்லோனி 1893இல் பிரெஸ்ட்விக்கில் நடந்த ஓபன் போட்டியை வென்றார். வயது 21. கோல்ஃபில் பந்தைக் குறைந்த தடவை அடித்தவரே வெல்வார். இவர் நான்கு சுற்றுக்கும் சேர்த்து 322 அடிகள், அடுத்து வந்த ஜானி லெய்ட்லேவைவிட இரண்டு குறைவு. தன் கையால் செய்த மட்டைகளை வைத்து ஆடினார். பிறகு சகோதரரோடு சேர்ந்து மட்டை செய்யும் தொழிலில் இறங்கினார், அந்தக் கடையின் பெயர் உலகம் முழுக்கப் பரவியது. 1935 முதல் 1963இல் இறக்கும்வரை ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்பின் கௌரவத் தொழில்முறை ஆட்டக்காரர். ஸ்காட்லாந்திலேயே குடியிருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் ஓபனை மறுபடி வெல்ல 1999இல் பால் லாரி வரவேண்டியிருந்தது.

அவர் அண்ணன் லாரி ஆக்டர்லோனி அமெரிக்கா போனார். 1902இல் நியூயார்க் பக்கம் கார்டன் சிட்டியில் நடந்த யு.எஸ். ஓபனை 307 அடிகளில் வென்றார். நான்கு சுற்றிலும் 80க்குக் கீழே ஆடிய முதல் ஆள் அவர். அப்போதுதான் ரப்பர் நூல் சுற்றிய ஹாஸ்கெல் பந்து வந்திருந்தது, அது அவருக்குக் கைகொடுத்தது.

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஃபைஃப் மாவட்டம். டே ஆற்றின் முகத்துவாரத்துக்குத் தென்கரை. வடகரை ஆங்கஸ். அதாவது பெயர் பிறந்த இடத்திலிருந்து ஆறு தாண்டினால் போதும்.

#7 சேரன்70

கல்கத்தாவின் ஆக்டர்லோனி நினைவுத்தூணை யாரும் சொல்லவில்லை. அந்த ஜெனரல் பதின்மூன்று மனைவிகளோடு பதின்மூன்று யானைகளில் டெல்லியில் மாலை உலா போவாராமே. ஓவேலி அவர் பெயரில் வந்ததுதானே?

#8 ஏட்டுச்சுவடி

இல்லை, சேரன். ஓவேலிக்குப் பெயர் தந்தவர்கள் வேறு ஆட்கள். நீங்கள் சொல்பவர் சர் டேவிட் ஆக்டர்லோனி. 1825இலேயே மீரட்டில் இறந்துவிட்டார். ஓவேலியில் காபி நட்டது அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து.

அந்த மனிதரின் கதை தனி. தகப்பனார் மான்ட்ரோஸைச் சேர்ந்த கப்பல் தலைவர், பாஸ்டனில் குடியேறினார். மகன் 1758இல் அங்கே பிறந்தார். 1777இல் வங்காளப் படையில் பயிற்சி வீரராகச் சேர்ந்து இந்தியா வந்தார். 1804இல் மராத்திய ஹோல்கர் படை டெல்லியை முற்றுகையிட்டபோது நகரைக் காத்தார். நேபாளப் போரில் 1815இல் மலாவுன் கோட்டையைப் பிடித்தார், அடுத்த ஆண்டு சுகௌலி உடன்படிக்கை உறுதியானது. முகலாய அரசவை அவருக்கு நசீருத்தௌலா என்று பட்டம் தந்தது. அவர் உடையும் வீடும் பழக்கமும் டெல்லிப் பாணி. பதின்மூன்று யானைக் கதை மட்டும் நூல்கள்தோறும் நகலெடுக்கப்பட்டு வருகிறது. அதை நேரில் பார்த்து எழுதியவர் என்று யாரையும் காட்ட முடியாது. இந்தியப் பெண்களோடு வாழ்ந்தார், பிள்ளைகள் இருந்தார்கள் என்பது உண்மை. அதுவரை சொன்னால் போதும்.

தூண் 1828இல் எழுந்தது. சுமார் 48 மீட்டர் உயரம். 1969இல் அதற்கு ஷாஹித் மினார் என்று பெயர் மாற்றினார்கள்.

இந்த இழைக்குத் தேவையான விஷயம் ஒன்று இவரிடம் இருக்கிறது. 1816இல் அவருக்குத் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் பாரனெட் பட்டம் கிடைத்தது. முறைப்படியான மணத்தில் பிறந்த மகன் இல்லாததால் அது அவரோடு முடியும். ஆகவே 1823இல் இன்னொரு பாரனெட் பட்டம் வாங்கி, அது தன் மகன் வழிப் பேரன் சார்ல்ஸ் மெட்கஃப் ஆக்டர்லோனிக்குப் போகும்படி சிறப்பு ஏற்பாடு செய்துகொண்டார். அந்த இரண்டாவது பட்டமும் 1964இல் ஆண் வாரிசு இல்லாமல் அற்றுப்போனது. பெயரைக் காப்பாற்ற அவ்வளவு பிரயத்தனம் செய்தும் ஐந்து பேருக்கு மேல் அது நீளவில்லை.

#9 மாலதி_கணக்கு

பெயர் எப்படி அருகிப்போகிறது என்ற இடத்துக்கு இழை வந்துவிட்டதால் நானும் சேர்ந்துகொள்கிறேன். நான் புள்ளியியல் ஆசிரியை.

ஏட்டுச்சுவடி ஐயா கடைசியில் சொன்னது அந்தக் குடும்பத்தின் துரதிர்ஷ்டம் மட்டும் இல்லை. அதற்குக் கணக்கு உண்டு. பிரபுக் குடும்பங்களின் பெயர்கள் ஏன் மறைந்துகொண்டே போகின்றன என்று 1873இல் பிரான்சிஸ் கால்டன் ஒரு கேள்வியை அச்சில் வெளியிட்டார். ஹென்றி வில்லியம் வாட்சன் என்ற பாதிரியார் விடை எழுதினார். மறு ஆண்டு இருவரும் சேர்ந்து கட்டுரையாகத் தந்தார்கள். இன்று கால்டன்–வாட்சன் முறை என்று அணுக்கருப் பிளவிலும் தொற்றுநோய்ப் பரவலிலும் பயன்படுத்துவது அதுதான்.

சுருக்கமாகச் சொன்னால் இப்படி. ஒவ்வொரு ஆணுக்கும் பெயரைக் கொண்டுபோக சராசரியாக ஒரு மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி ஒன்றுதானே, பெயர் நிலைத்து நிற்கும் என்று தோன்றும். நிற்காது. சிலருக்கு மூன்று மகன், சிலருக்கு ஒருவரும் இல்லை. ஒரு தலைமுறையில் ஒருமுறை பூஜ்யம் விழுந்துவிட்டால் அந்தக் கிளை திரும்ப வராது. சராசரி சரியாக ஒன்றாகவே இருந்தால் நாளடைவில் அழிவு உறுதி. சராசரி ஒன்றுக்கு மேல் இருந்தால்கூட, ஒரே ஆளிடம் தொடங்கும் பெயர் முதல் சில தலைமுறையில் அழியும் வாய்ப்பு அதிகம். அதைத் தாண்டிவிட்டால் பிறகு பிழைத்துக்கொள்ளும்.

இதனால் ஒரு பெயர் எத்தனை இடத்தில் பிறந்தது என்பதுதான் முக்கியம். ஸ்காட்லாந்தில் இன்றும் முதல் மூன்று இடம் ஸ்மித், பிரவுன், வில்சன். ஸ்மித் என்றால் கொல்லர். கொல்லர் இல்லாத ஊர் உண்டா? அந்தப் பெயர் நூற்றுக்கணக்கான இடங்களில் தனித்தனியாகப் பிறந்தது, பத்து கிளை அற்றாலும் தெரியாது. மலைநாட்டில் கேம்பல், மெக்டொனால்டு பெருகியதற்குக் காரணம் வேறு. தலைவனை அண்டி வாழ்ந்த குடிகளும் அவன் பெயரையே போட்டுக்கொண்டார்கள். ஆக்டர்லோனிக்கு இரண்டும் கிடையாது. ஒரே நிலம், அதை வைத்திருந்த நடுத்தர நிலக்கிழார் குடும்பம். பெரிய படையோ ஏராளமான குடிகளோ இல்லை. எழுநூறு ஆண்டுக்கு மேல் இது பிழைத்திருப்பதே பெரிய விஷயம்.

#10 ஓவேலிக்காரன்

மாலதி அக்கா, அருமையாக விளங்கியது. அப்படியானால் இன்று எத்தனை பேர் என்று எப்படிக் கணக்கிடுவது? இணையத்தில் ஆளுக்கொரு எண் போடுகிறார்கள்.

#11 மாலதி_கணக்கு

தம்பி, அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. காரணம் சொல்கிறேன்.

இந்தப் பெயருக்குக் குறைந்தது நான்கு எழுத்துக்கூட்டல் புழக்கத்தில் உண்டு. முதல் எழுத்து 'ஏ'யாக இருப்பது, 'ஓ'வாக இருப்பது, 'ஓ'வுக்குப் பின் 'யூ' வருவது, கடைசியில் 'ஒய்' அல்லது 'ஐ இ' வருவது என்று. செயின்ட் ஆண்ட்ரூஸ் குடும்பம் 'ஏ'யில் தொடங்கி 'ஐ இ'யில் முடிக்கும். டெல்லி ஜெனரல் 'ஓ'வில் தொடங்கி 'ஒய்'யில் முடிப்பார். நீலகிரிச் சகோதரர்களும் ஸ்வீடன் பேராசிரியரும் 'ஓ யூ'. பெயரைக் கேட்டு எழுதிய திருச்சபை எழுத்தர் காதுக்கு எப்படி விழுந்ததோ அப்படித்தான் ஏட்டில் ஏறியது. ஒரே மனிதரின் திருமணத்தில் ஒரு எழுத்து, பிள்ளையின் ஞானஸ்நானத்தில் இன்னொரு எழுத்து என்பதெல்லாம் அந்தக் காலத்தில் சாதாரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஒவ்வொரு கிளையும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றது.

இப்போது கணினி என்ன செய்கிறது? பல மரபுவழித் தளங்கள் சவுண்டெக்ஸ் என்ற முறையில் ஒத்த ஒலியுள்ள பெயர்களைச் சேர்க்கும். அந்த முறையில் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பின்வரும் மெய்யெழுத்துகளை மூன்று எண்ணாக மாற்றுவார்கள். நம் பெயருக்கு எல்லா வடிவத்திலும் எண் 236தான் வரும். ஆனால் முதல் எழுத்து மாறுவதால் ஒன்று ஏ236, மற்றது ஓ236. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு பெயர். எனவே ஒரு தளம் காட்டும் எண்ணிக்கை எப்போதும் ஒரு பாதியைத்தான் காட்டும்.

அடுத்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஸ்காட்லாந்தில் தனிநபர் விவரம் நூறு ஆண்டு பூட்டி வைக்கப்படும். பெயரோடு பார்க்கக் கிடைப்பது 1841 முதல் 1921 வரைதான். 1921 விவரம் 2022 கடைசியில் திறந்தது. அதற்குப் பிந்தைய எந்த எண்ணும் வாக்காளர் பட்டியல், தொலைபேசிப் புத்தகம் போன்றவற்றிலிருந்து பெருக்கி எடுத்த மதிப்பீடு. ஸ்மித் மாதிரிப் பெயருக்கு அந்தப் பெருக்கல் சரியாக வரும். மிகச் சிலரே உள்ள பெயருக்கு ஒரு குடும்பம் வீடு மாறினாலே கணக்கு புரண்டுவிடும்.

உறுதியாகச் சொல்லக்கூடியது: 'ஏ'யில் தொடங்கி 'ஐ இ'யில் முடியும் வடிவம்தான் இன்று ஓரளவு காணக்கிடைப்பது. ஃபைஃபிலும் அதைச் சுற்றியும், அங்கிருந்து கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன வழிகளிலும் இருக்கிறது. 'ஓ' வடிவங்கள் பிரிட்டனில் மிக அருகிவிட்டன. தேசியப் பதிவகம் வெளியிடும் அதிகப் புழக்கப் பெயர்ப் பட்டியலில் எந்த வடிவமும் எட்டிக்கூடப் பார்க்காது. சுமார் 55 லட்சம் மக்கள் உள்ள நாட்டில் இது விரல்விட்டுச் சொல்லும் குடும்பங்களின் பெயர்.

#12 வடபுலத்தான்

அக்கா சொன்னதோடு ஒரு நல்ல செய்தியையும் சேர்க்கிறேன். ஸ்காட்லாந்தில் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் அழிவதில்லை. திருமணமான பெண்ணின் இறப்புப் பதிவில் இரண்டு பெயரும் இருக்கும். கல்லறையிலும் 'இன்னாரின் மனைவி' என்று போட்டு, கீழே அவளுடைய சொந்தக் குடும்பப்பெயரையே பொறித்திருப்பார்கள். ஆங்கஸ், ஃபைஃப் தேவாலய முற்றங்களில் நடந்தால் இதை எங்கும் பார்க்கலாம். ஆகவே ஆண் வழி அற்ற பின்னும் எந்தக் குடும்பத்துக்குள் அந்த ரத்தம் போனது என்று பின்தொடர முடியும்.

ஆஸ்திரேலியக் கவிஞர் டோரதி கிரீன் இருக்கிறாரே, அவர் பிறந்த வீட்டுப் பெயர் ஆக்டர்லோனி. 1915இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் பிறந்தவர். கவிதைகளை டோரதி ஆக்டர்லோனி என்றே வெளியிட்டார். 1991இல் காலமானார். கால்டன் கணக்கில் பெண்கள் பூஜ்யம். ஆனால் ஒரு பெயரை வாழவைப்பது மகன்கள் மட்டும் இல்லை.

#13 சேரன்70

எடின்பரோ கடைகளில் ஒவ்வொரு குடும்பப்பெயருக்கும் ஒரு கிளான் (குலம்), ஒரு கட்டம் போட்ட துணி என்று விற்கிறார்களே. இவர்களுக்கு எந்தக் கிளான்?

#14 ஏட்டுச்சுவடி

கிளான் இல்லை. கிளான் என்பது பெரும்பாலும் மலைநாட்டு அமைப்பு, இங்கிலாந்து எல்லைப்புறத்திலும் ஓரளவு இருந்தது. ஆங்கஸ் தாழ்நிலத்துக் குடும்பங்களுக்குச் சொந்த மரபுச்சின்னம் உண்டு, நிலம் உண்டு, பின்னால் திரளும் குலம் கிடையாது. 1822இல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோதுதான் நாடே கட்டம் போட்ட துணிக்கு மாறியது. அதற்குப் பிறகு வியாபாரிகள் எல்லாப் பெயருக்கும் ஒன்றை ஒட்டிவிட்டார்கள். துணி அழகாக இருந்தால் வாங்குங்கள், வரலாற்றுச் சான்றாக வைக்காதீர்கள்.

#15 ஜெல்தட்டு

ஒரு சந்தேகம். ஒரே நிலத்தில் பிறந்த பெயர் என்றால், கோல்ஃப்காரரும் டெல்லி ஜெனரலும் நீலகிரிச் சகோதரர்களும் எங்கள் பேராசிரியரும் உறவினர்கள் என்று சொல்லிவிடலாமா? மாணவர்களுக்குச் சொன்னால் ஆர்வமாகக் கேட்பார்கள்.

#16 மாலதி_கணக்கு

பெயரின் பிறப்பிடம் ஒன்று என்று சொல்லுங்கள். உறவினர் என்று சொல்லாதீர்கள். பண்ணையில் வேலை செய்தவரும் சில சமயம் நிலத்தின் பெயரால் அழைக்கப்பட்டிருப்பார். தத்துப் பிள்ளை, தாயின் பெயரைப் போட்டுக்கொண்டவர், சொத்துக்காகப் பெயர் மாற்றிக்கொண்ட மருமகன் என்று எல்லாம் உண்டு. ஒற்றைப் பிறப்பிடப் பெயரில் உறவு இருக்க வாய்ப்பு மற்றப் பெயர்களைவிட அதிகம். ஆனால் அந்த வாய்ப்பு சான்றாகிவிடாது. தலைமுறை தலைமுறையாகப் பதிவு காட்டினால்தான் உறவு.

#17 நீலமலை_வாசகன்

ஊர்ப்பெயரை மாற்ற வேண்டும் என்று அவ்வப்போது பேச்சு வரும். கல்கத்தாவில் மாற்றினார்களே, நாமும் அந்தத் தோட்ட முதலாளி பெயரை ஏன் சுமக்க வேண்டும்? காட்டை அழித்தவர் பெயர். அங்கே முன்பிருந்தே வாழ்ந்த பணியர், குறும்பர் பெயரில் ஒரு மூலை முடுக்குகூட அந்த வரைபடத்தில் இல்லை. எனக்கு இது உறுத்துகிறது.

#18 ஓவேலிக்காரன்

உங்கள் உறுத்தல் நியாயமானது. பழங்குடிகள் வைத்திருந்த இடப்பெயர்களைத் திரட்ட வேண்டும், அது யாராவது உடனே செய்ய வேண்டிய வேலை. ஆனால் ஓவேலி என்ற பெயரை நான் விடமாட்டேன். அதில் இப்போது ஆக்டர்லோனி இல்லை. தேயிலை பறித்தவர்களும் லாரி ஓட்டியவர்களும் வாயில் போட்டு மென்று தமிழாக்கிய பெயர் அது. என் ரேஷன் அட்டையில், என் அப்பாவின் இறப்புச் சான்றிதழில் உள்ள பெயர். பட்டா இல்லாதவர்களுக்கு 'இந்த ஊர்க்காரர்' என்று காட்ட இருக்கும் ஒரே எழுத்துச் சான்று பல நேரம் அந்த முகவரிதான். நாளை பெயரை மாற்றினால் பழைய காகிதத்தையும் புதிய காகிதத்தையும் ஒட்டவைக்க எங்கள் ஆட்கள்தான் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும்.

#19 நீலமலை_வாசகன்

அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. பழைய இடப்பெயர்களைத் திரட்ட நீங்கள் தொடங்கினால் நானும் வருகிறேன். இந்தப் பக்கம் நிறையப் பெரியவர்களைத் தெரியும்.

#20 ஏட்டுச்சுவடி

ஓவேலிக்காரரே, சகோதரர்களின் வேரைத் தேட விரும்பினால் சில குறிப்புகள்.

ஸ்காட்லாந்து அரசின் பதிவுத்தளத்தில் 1855 ஜனவரி முதல் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் சட்டப்படியான பதிவு. அதற்கு முன்னால் திருச்சபை ஏடுகள் மட்டும். உங்கள் ஆட்கள் 1840களிலேயே இந்தியாவில் பெரியவர்கள், ஆகவே ஏடுகளைத்தான் பார்க்க வேண்டும். மாவட்டத்தின் பெயர் 1928 வரை அதிகாரபூர்வமாக ஃபோர்ஃபர்ஷயர். ஆங்கஸ் என்று போட்டால் பழைய பட்டியல்கள் சில வராது. தேடும் பெட்டியில் முதல் இரண்டு எழுத்துக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போடுங்கள், மாலதி அம்மா சொன்ன சிக்கல் தீரும்.

அப்புறம், அந்த நாட்டு ஏட்டோடு நிற்க வேண்டாம். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் மதராஸ் மாகாணத் தேவாலயங்கள் நகலெடுத்து லண்டனுக்கு அனுப்பின. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகத் தொகுப்பில் இருக்கின்றன. ஜான் ஆக்டர்லோனி சீனப் போரில் பணியாற்றி அதைப் பற்றி 1844இல் ஒரு நூலும் எழுதியவர் என்பதால் ராணுவப் பதிவுகளிலும் தடம் இருக்கும். ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயக் கல்லறைகளையும் ஒருமுறை பாருங்கள், மலையில் இருந்த வெள்ளைக்கார நில உரிமையாளர்கள் பலர் அங்கே இருக்கிறார்கள்.

#21 ஓவேலிக்காரன்

மிக்க நன்றி ஐயா. அடுத்த வாரம் ஊட்டிக்குப் போகும் வேலை இருக்கிறது, செயின்ட் ஸ்டீபன்ஸுக்குப் போய்ப் பார்த்துவிடுகிறேன். வடபுலத்தான் அண்ணே, ஃபோர்ஃபர் பக்கம் போனால் அந்த லௌனி நிலத்தின் பெயர்ப்பலகை இருந்தால் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். எந்த எழுத்துக்கூட்டலில் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

#22 வடபுலத்தான்

சனிக்கிழமை போகிறேன். படத்தை இதே இழையில் போடுகிறேன்.